வெள்ளிக்கிழமை வண்டி

ஷஹாபுதீனுடைய மரக்கிட்டங்கி வெள்ளிக்கிழமைகளில் திறக்காது. அவருடைய அத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். அன்று முழுக்கக் கதவில் பூட்டுத் தொங்கும், வண்டிமாடுகள் படுத்து அசைபோடும். அதைப் பற்றி அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். அந்தப் பெருமைக்கு வேறொருவன் விலை கொடுப்பான் என்று யார் கண்டார்கள்?

1934-ல், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில், மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிருந்தது. சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று திடீரென்று சேதி வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கவோ சுண்ணாம்பில்லை. வியாழன் சாயங்காலம் வண்டிக்காரன் பக்கிரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாளைக்கு அரியாங்குப்பம் காளவாய்க்குப் போயி சுண்ணாம்பு ஏத்திக்கினு வந்துடு.”

“நாளைக்கு வெள்ளிக்கெழமையாச்சே மொதலாளி.”

“தெரியும். ஜனங்க தொழுவப் போற நேரமா பாத்து வந்து சேரு. யாருகிட்டயும் சொல்லிக்காத. உன் பொண்டாட்டிகிட்டகூட.”

பக்கிரி பதினெட்டு வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவன். “சரிங்க” என்றான். அவன் சரி என்றால் சரிதான்.

வரும் வழியில் வாய்க்காலின் மேல் போட்டிருந்த பாலக்கல் மூன்று மாதமாக விரிசல் விட்டுக் கிடந்தது. நகரசபைக்கு இரண்டு மனு போயும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாரவண்டி ஏறியதும் கல் முறிந்தது. வண்டி குடை சாய்ந்து, மூட்டைகளோடு பக்கிரியின் வலது கால்மேல் விழுந்தது. தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிய ஷஹாபுதீனுக்கு அங்கேயே சேதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வைத்தியச் செலவை அவர்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. பக்கிரி பேரில் நகரசபைமேல் வழக்குப் போட வக்கீல் லூர்துநாதனைப் பிடித்தவரும் அவர்தான். வக்கீல் கறுப்பு அங்கியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்.

“சாயபு, உங்க வேலையா போயி அடிபட்டான்னா, அது மொதலாளி பொறுப்புன்னு நகரசபை உங்க தலையில கட்டிட்டு ஒதுங்கிக்கும். நீங்க அனுப்பலன்னா, ரோட்டுல போனவன் கல்லு ஒடைஞ்சி கால் போச்சு. அவங்கதான் பதில் சொல்லணும். ஆயுசுக்கும் ஜீவனாம்சம் வாங்கிடலாம். நீங்க அனுப்பினீங்களா?”

ஷஹாபுதீன் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். “வெள்ளிக்கெழம எங்க கிட்டங்கி பூட்டு, முசே. ஊருக்கே தெரியும்.”

வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை. கெட்டிக்கார வக்கீல்கள் கேட்க மாட்டார்கள்.

பக்கிரிக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு ஷஹாபுதீனுக்குப் பாதி இருந்தது. தன் தலையில் பாரம் விழாது என்பது மறுபாதி. பக்கிரியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை, வக்கீல் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டார். சாயபு சொல்லியிருப்பார் என்று வக்கீல் விட்டுவிட்டார்.

நீதிமன்றத்தில் ஷஹாபுதீன் கூண்டில் ஏறி, தான் வண்டியை அனுப்பவில்லை என்று சொல்லி இறங்கினார். அடுத்துப் பக்கிரி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். உன் முதலாளி சொன்னது உண்மையா என்று நீதிபதி பிரெஞ்சில் கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார். பக்கிரி முதலாளியை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை. இவர் இப்படிச் சொன்னால் அதற்கு ஏதோ காரணமிருக்கும் என்று நம்புகிறவனின் பார்வை அது.

“மொதலாளி சொன்னா சரிதாங்க.”

நகரசபையின் வக்கீல் எழுந்தார். “அப்போ கேக்காம, கொள்ளாம, பூட்டியிருந்த எடத்துலேருந்து வண்டிய ஓட்டிக்கினு போயிட்டே?”

“ஆமாங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அடுத்தவன் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்து, அளவுக்கு மீறிப் பாரமேற்றி ஓட்டியவனுக்கு நகரசபை எப்படிப் பொறுப்பாகும் என்று அந்த வக்கீல் கால்மணி நேரம் பேசினார். அந்தக் கால்மணி நேரத்தில் ஷஹாபுதீன் எழுந்து நின்று, “நான்தான் அனுப்பினேன்” என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சில் பக்கத்திலேயே புதுச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். பொய்ச்சாட்சிக்கு ஜெயில் என்றும் ஷஹாபுதீன் கேள்விப்பட்டிருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாம் நாள், உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நெல்லித்தோப்பில் பக்கிரி வீட்டுக்குப் போனார். பக்கிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவர் வாயைத் திறக்குமுன் அவன் பெண்சாதி அஞ்சலாட்சி ஓடிவந்து காலில் விழுந்தாள்.

“மன்னிச்சிடுங்க மொதலாளி. கேட்டிருந்தா நீங்களே குடுத்திருப்பீங்களே. எங்க போனே, எதுக்குப் போனேன்னு நானும் கேட்டுட்டேன், வாயே தொறக்க மாட்டேங்குது இந்த ஆளு. திருடம் பொண்டாட்டின்னு தெருவே சொல்லுது. அப்படியும் ஆஸ்பத்திரி செலவெல்லாம் நீங்க பாத்தீங்க. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

அவள் குரல் கேட்டு வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஷஹாபுதீனுக்குச் சொல்ல வந்தது நெஞ்சுவரை வந்தது. ஆனால் அத்தனை கண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“எழுந்திரும்மா,” என்றார். “மன்னிச்சிட்டேன்.”

பக்கிரி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பிறகு பெண்சாதி பக்கம் திரும்பினான்.

“மொதலாளிக்கு நேரமாவுது. வழிய வுடு.”