கோட்டுக்குப் போன கோலம்

புத்தி தடுமாறியவர்களை வைத்துப் பார்க்கக் கொழும்பில் கவண்மேந்து ஆசுப்பத்திரி இருக்கிறது, ஏழைகளிடம் காசு வாங்குவதில்லை என்று ஊர் அதிகாரியான விதானையார் பஞ்சலிங்கம் சொன்னபோது நல்லம்மா நம்பவில்லை. கவண்மேந்து எப்போது யாருக்குச் சும்மா செய்தது? வரி வாங்குகிற நேரத்தில்தான் உரும்பிராய் எங்கே இருக்கிறது என்று அதற்கு ஞாபகம் வரும்.

ஆனாலும் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. புருஷன் சீவரத்தினத்துக்கு விசர் பிடித்து மூன்று வருஷம். தொண்டைமானாற்றுச் சந்நிதியில் ஒரு மண்டலம் கிடந்தாயிற்று. நூல் கட்டியாயிற்று. வைத்தியம் பார்த்த பரியாரியாரின் எண்ணெய்க்கே புகையிலைத் தோட்டம் ஈட்டுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் பொறுத்தவள் போன மாதம் நடந்ததைப் பொறுக்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, குளிரப் பண்ணுகிறேன் என்று நாலு வயது மகளைத் துலாக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்டதால் பிள்ளை பிழைத்தது. கோபத்தில் செய்திருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள். அன்பாய்ச் செய்தானே, அதுதான் பயமாக இருந்தது.

அதற்குக் கோட்டில் நீதவான் முன்னால் நிறுத்தி, டாக்குத்தர் பார்த்து, விசர்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் கவண்மேந்துச் செலவிலேயே ரயிலேற்றுவார்கள்.

அன்று விடிய நல்லம்மா செய்ததை உரும்பிராயில் எந்தப் பெண்ணும் செய்திருப்பாள். அரப்பு வைத்து அவனை முழுகவார்த்தாள். சவரம் செய்வித்தாள். கலியாண வேட்டியை உடுத்தி, சால்வை போட்டு, திருநீறு பூசிவிட்டாள். விசரென்றாலும் கோட்டுக்குப் போகிற மனிதன் கோட்டுக்குப் போகிற மாதிரிப் போகவேண்டாமா?

"நாலு பேர் பாக்கிற இடம். என்னைத் தலைகுனிய வைச்சிடாதேங்கோ," என்றும் சொன்னாள். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

கோட்டில் டாக்குத்தர் பெயர் கேட்டார். ஊர் கேட்டார். பிசகில்லாமல் சொன்னான்.

"இந்த முறை புகையிலை என்ன மாதிரி?"

"மழை பிந்திப் போச்சு ஐயா. இலை சிறுத்துப் போச்சு."

அது உண்மைதான். நல்லம்மா விதானையாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கிணத்துக்கை இறக்கினது நீரோ?"

"பிழைதான் ஐயா. இனிச் செய்யமாட்டன்."

நீதவான் நல்லம்மாவைப் பார்த்தார். கொழும்பில் இருப்பவர்களுக்கே பாய் போதவில்லை, கவண்மேந்தும் மேற்கொண்டு காசு ஒதுக்குகிறதாயில்லை, இவ்வளவு தெளிவாகக் கதைக்கிறவரை அனுப்ப முடியாது என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே விதானையார் தலையில் அடித்துக்கொண்டார். "ஆர் பிள்ளை உன்னை உப்பிடிச் சோடிச்சுக் கொண்டரச் சொன்னது? மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். இருந்த கோலத்திலை கொண்டந்திருந்தால் இண்டைக்கே முடிஞ்சிருக்கும்." அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கலாம் என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

நல்லம்மாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் திருநெல்வேலிச் சந்தி வரைக்கும் அவனுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். பிறகு அடக்க முடியவில்லை.

"வீட்டிலை ஒரு நாளும் ஒழுங்காக் கதைக்காத மனிசன் அங்கை மட்டும் எப்பிடிக் கதைச்சியள்?"

சீவரத்தினம் நின்றான். சால்வை வேர்வையில் நனைந்திருந்தது. கீழுதடு கடிபட்டு இரத்தம் கண்டிருந்தது.

"நீதானே தலைகுனிய வைக்க வேண்டாமெண்டனி. வாயிலை வந்ததெல்லாத்தையும் விழுங்கி விழுங்கி நிண்டனான்."

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் அவனுடைய உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"வீட்டிலையும் இப்பிடி இருப்பியளோ? பிள்ளைக்காக?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"ஏலாது நல்லம்மா. சரியாக் களைச்சுப் போனன். இனி விடட்டோ?"

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அவனுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ," என்றாள்.