ஜாதிக்காயில் ஒரு கீறல்

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், பதினோராம் நம்பர் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்:

சண்முகவடிவு, இருபத்துமூன்று வயது, குழந்தையின் தாய். மாட்டுங்காவில் ஒரு எக்ஸ்போர்ட் சட்டைக் கம்பெனியில் நூல் வெட்டுகிறவள்.

நம்பிராஜன், தகப்பன். செம்பூர் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நாலு வருடமாக இரவு ஷிப்ட்.

ஆபிதா, தாராவியில் அவர்களுக்குப் பக்கத்து அறை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள்.

ஒரு மராத்திக்கார டாக்டர். சின்னப் பெண்தான், முகத்தில் தூக்கமில்லை.

பிரமிளா, எட்டு மாதம். தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்கிக்கொண்டிருந்தாள் என்றால், எழுப்ப முடியவில்லை. டாக்டர் உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை பாதிக் கண் திறந்து, யாரையும் பார்க்காமல் மூடிக்கொண்டது.

"க்யா தியா இஸ்கோ?" என்று டாக்டர் கேட்டாள். என்ன கொடுத்தீர்கள்.

"ஒண்ணும் குடுக்கல" என்று வடிவு தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். பால், கரைத்த கஞ்சி, அவ்வளவுதான். நம்பிராஜனும் அதையே சொன்னான். ஆபிதா தலையை மட்டும் ஆட்டினாள்.

அபின் கொடுத்த குழந்தைகள் மாதத்துக்கு இரண்டாவது இங்கே வருகின்றன, அவற்றின் கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்கும், இதற்கு அப்படி இல்லை, ஆனால் ஏதோ கொடுத்திருக்கிறீர்கள் என்றாள் டாக்டர். மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். மூன்று பேரும் குழந்தையைப் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் பிரமிளா கண் விழித்து அழுதாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று வடிவு வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். தான் சொன்னதும் பொய்தான் என்பது அவளுக்குத் தெரியும். அது சின்னப் பொய், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அதை ஓரமாக வைத்தாள்.

அந்தச் சின்னப் பொய் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. உரைமருந்து. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய், கூட ஒரு கல். தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் கல்லில் ஒரு சுத்து இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவ வேண்டும். மற்றதெல்லாம் வயிற்றுக்கு. ஜாதிக்காய் தூக்கத்துக்கு. அதை ஒரு சுத்துக்கு மேல் இழைக்கக் கூடாது என்பது திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குக்கூடத் தெரியும். வடிவு மூன்று சுத்து இழைத்தாள்.

காரணம் இருந்தது. ஜூன் மாதத்தில் பிரமிளா பகலெல்லாம் அழுதாள். ஆபிதா இரண்டு தடவை கம்பெனிக்கு ஆள் அனுப்பினாள். மூன்றாவது தடவை ஆள் வந்தால் உன் மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வடிவுக்கு அந்த மேஜை பிடித்திருந்தது. சட்டையில் தொங்கும் நூலை வெட்டுவது வேலையே இல்லை என்று நம்பிராஜன் சிரிப்பான். ஆனால் அங்கே ஒன்பது மணி நேரம் அவளை யாரும் தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை. நூல் வெட்டிய சட்டையைத் தூக்கிப் பார்த்தால் அது முடிந்திருக்கும். வீட்டில் எதுவும் முடிவதில்லை.

பத்துக்குப் பத்து அறை அது. நம்பிராஜன் காலை ஏழே முக்காலுக்கு வந்து படுப்பான். வடிவு எட்டுக்குக் கிளம்புவாள். குழந்தை ஆபிதாவிடம் போகும். பதினோரு மணிக்கு ஆபிதா வந்து, தூங்குகிறவனை எழுப்பாமல், அறை மூலையில் தண்ணீர் புழங்கும் மோரியில் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவாள். இரண்டு மணிக்கு நம்பிராஜன் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்வான். ஐந்தரைக்கு வடிவு. ஒரு அறைக்குள் ஷிப்ட் மாறி மாறி ஓடியது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று அடுத்த ஷிப்ட்காரருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை வடிவு டப்பாவைத் திறந்தாள். அன்று அவள் எதையும் இழைக்கவில்லை. ஜாதிக்காயை எடுத்தாள். அது பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. பிரமிளா பிறந்தபோது வாங்கியது. தினம் மூன்று சுத்துக்கு இவ்வளவு தேயாது. தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கை எடுத்து, தேய்ந்த முகத்துக்குச் சற்றுக் கீழே, காயைச் சுற்றி ஒரு கீறல் போட்டாள். நூல் அகலம் இடைவெளி. அப்படியே டப்பாவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பக்கத்து மேஜைக்காரி பாகீரதி சுனாபட்டியிலிருந்து வருகிறவள். எல்லாம் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்:

"பச்சப்பிள்ளைய அடுத்தவா கையில குடுத்தா இப்படித்தான். தூக்கத்துக்குன்னே உருண்டை விக்கறான், தெரியுமோ? சாக்குப் பையில சுத்தி வெச்ச மாதிரி கிடக்கும். அதுவும் துலுக்க வீட்டுல விட்டிருக்கே. உனக்குத் தைரியம் ஜாஸ்தி."

ஆபிதா மேலப்பாளையத்துக்காரி. பிரசவ வலி வந்த அன்று வடிவைத் தோளில் சாய்த்து டாக்சியில் ஏற்றியது அவள்தான். துலுக்க வீடு என்று வடிவு அதுவரை யோசித்ததில்லை. அன்று யோசித்தாள். ஒருமுறை யோசித்ததும், அதற்கு ஏற்றாற்போல் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆபிதாவின் அலமாரியில் ஒரு நீலப் புட்டி. மாடியில் அவள் புருஷன் ஜமாலின் பெல்ட் பட்டறை. அங்கே வந்துபோகும் ஆட்கள். பெல்ட்டுக்குப் பசை தடவி அடுக்க வேண்டியவள், எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு தினம் எப்படி இருபது டஜன் முடிக்கிறாள்?

சாயங்காலம் வந்ததும் டப்பாவைத் திறந்தாள். கீறல் இல்லை. கீறலையும் தாண்டி யாரோ இழைத்திருந்தார்கள். பிரமிளா பாயில் வாய் திறந்து தூங்கினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில். யாரும் டப்பாவைத் தொடவில்லை. பிரமிளா விழித்திருந்து, தவழ்ந்து போய்த் தண்ணீர்க் குடத்தைத் தட்டினாள். மத்தியானம் ஆபிதா ஒரு கிண்ணத்தில் கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.

"ஆசுபத்திரிச் சோறு தின்னு நாக்கு செத்திருக்கும். தின்னுட்டி."

வடிவு வாங்கி வைத்தாள். கதவை ஒருக்களித்துவிட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு சாக்கடையில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நல்லா இருந்துச்சுக்கா."

"அப்படியா" என்றாள் ஆபிதா.

திங்கட்கிழமை காலை ஊக்கால் புதுக் கீறல் ஒன்று போட்டாள். இரண்டு மணிக்குத் தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் வந்துவிட்டாள். ஆபிதா கையிலிருந்து வந்ததும் குழந்தை எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இரண்டரைக்குத் தாராவிச் சந்துக்குள் நுழைந்தபோது அவள் வீட்டுக் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. இந்த நேரம் நம்பிராஜனும் குழந்தையும் உள்ளே இருக்க வேண்டும். அடுத்த வாசலில் ஆபிதா உட்கார்ந்து பெல்ட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை இல்லை.

"பிள்ளை எங்க?"

"என்ன சீக்கிரமா வந்துட்ட? மேலுக்குச் சொகமில்லையா?"

"பிள்ளை எங்கன்னு கேக்கேன்."

"உள்ளதான். அவ அப்பாகூட."

"வெளிய பூட்டுக் கெடக்கு."

ஆபிதா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். "நாந்தான் பூட்டுனேன். உன் வீட்டுக்காரரு சொல்லித்தான். ரெண்டு மணிக்குப் பிள்ளைய உள்ள குடுத்துட்டுப் பூட்டிரணும், அஞ்சே காலுக்குத் தொறந்துரணும். பூட்டுக் கெடந்தா எவனும் கதவத் தட்ட மாட்டானாம். உனக்குத் தெரியாதாக்கும்?"

"எத்தன நாளா?"

"பக்ரீத்துக்கு முந்தியே."

வடிவு சாவியை வாங்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்டாள். "நீங்க பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

ஆபிதா பசைக் குச்சியை டப்பாவின் மேல் படுக்க வைத்தாள். "ஜாதிக்கா. குளிப்பாட்டிட்டு, பிஸ்மி சொல்லி, ஒரு சுத்து. எம் பிள்ளைக மூணுக்கும் அப்படித்தான் குடுத்தேன். ஆசுபத்திரிக்குப் பொறவு அதுவும் இல்ல."

"அத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

"பெத்தவ நீ ஒண்ணும் குடுக்கலங்க. நான் என்னத்தச் சொல்ல? ஒண்ணும் குடுக்காத வீட்டுல உரமருந்து டப்பா எதுக்குடி இருக்கு?"

வடிவு பூட்டையே பார்த்தாள்.

"என்னையத்தான நெனச்ச?" என்றாள் ஆபிதா. "நேத்தே தெரியும். சாக்கடையில கொட்டுனா தெரியாதுன்னு நெனச்சியா? கருப்பட்டி வாசம் எங்க கெடந்தாலும் கருப்பட்டி வாசந்தான்."

சாவியை வடிவின் கையில் வைத்து மூடினாள்.

உள்ளே இருட்டு. ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தது. நம்பிராஜன் பாயில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் பிரமிளா. தலைமாட்டில் கல் ஈரமாக இருந்தது. ஜாதிக்காய் அதன் மேலேயே கிடந்தது. வடிவு ஓடிப்போய்க் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைதான் மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. தோளில் போட்டுக்கொண்டாள்.

நம்பிராஜன் கண் திறந்தான். "மணி அஞ்சாயிட்டா?"

"ரெண்டே முக்கால். எத்தன சுத்து குடுத்தீங்க?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். பகலில் தூங்குகிறவனின் முகம். கண்ணுக்குக் கீழே தோல் சாம்பல் நிறம். நாலு வருடத்தில் அவன் முழுசாக ஐந்து மணி நேரம் தூங்கிய பகல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தகரக் கூரை, மாடியில் பெல்ட் அடிக்கும் மெஷின், பதினோரு மணிக்குக் குளிக்கும் குழந்தை. இரவில் பெயிண்ட் டிரம்மைப் பிடித்தபடியே நின்றுகொண்டு தூங்கி, ஒருமுறை கையை நசுக்கிக்கொண்டவன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"நீ எத்தன குடுத்த?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"நீ மொதல்ல சொல்லுட்டி. காலையில வந்து படுத்தா மொதல்ல காதுல விழுறது அந்தக் கல்லுச் சத்தந்தான். கண்ண மூடிட்டு எண்ணுவேன். மூணு. சில நாளு நாலு. பெத்த அம்மையே மூணு குடுக்கா, நாம ரெண்டு குடுத்தா என்னன்னுதான் தொடங்குனேன்."

"ரெண்டா?"

"மொத ரெண்டு. பொறவு ரெண்டுக்கு முழிச்சிருச்சு."

"வியாழக்கிழமை?"

அவன் கல்லைப் பார்த்தான். "எண்ணல."

"ஆசுபத்திரியில படுத்துட்டு வந்த பிள்ளைக்குத் திரும்பவும் குடுத்திருக்கீங்க."

"கொறச்சுத்தான் குடுத்தேன். டாக்டர் அபின்னுல்லா சொன்னா. இது மருந்துதான."

வாசலில் ஆபிதா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். வடிவு மூன்று சுத்து கொடுத்தாள் என்று அவன் சொன்னதையும். திரும்பிப் போய்ப் பசைக் குச்சியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் டப்பாவோடு சாக்கடை வரை போனாள் வடிவு. கொட்டவில்லை. இதைக் கொட்டிவிட்டால் நாளைக்கு டாக்டரிடம், எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் சொல்வான். தானும் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனைக் கவனிக்கிற மாதிரியே தன்னையும் கவனிக்க வேண்டியிருந்தது. டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நம்பிராஜன் ஏழே முக்காலுக்கு வந்தான். அடுப்பில் டீ இருந்தது. கல்லுச் சத்தம் இல்லை. பிரமிளா முழு விழிப்பில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். வடிவு வேலைக்குப் போகிற சேலை கட்டவில்லை. போயும் பயனில்லை. நேற்றே பாகீரதி சொல்லி அனுப்பியிருந்தாள், மேஜையில் புது ஆள்.

பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, பால் புட்டி, பிஸ்கட் டப்பா.

"அத எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"டாக்டர்ட்ட காட்டணும்."

"என் பேரச் சொல்லாத."

"மூணு பேர் பேரையும் சொல்லப்போறேன். எம்பேரு மொதல்ல."

அவன் டீயைக் குடித்துவிட்டுப் பாயை விரித்தான். ஆபிதா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வாரேன். என் ஒரு சுத்த நானே சொல்லிக்கிடுதேன். நீ சொன்னா கூட்டிச் சொல்லுவ."

"நான் ஏன் கூட்டிச் சொல்லணும்?"

"கொட்டுனவதான நீ. பைய இங்க குடு, பிள்ளையையும் பையையும் எப்படித் தூக்குவ?"

"பை எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் வடிவு. குழந்தையையும் கொடுக்கவில்லை.

நம்பிராஜன் படுத்துக்கொண்டே கேட்டான். "அவளும் வந்தா பூட்டு?"

"நான் பூட்டிட்டுப் போறேன்."

"யாரு தொறப்பா?"

"நான்தான்."

"எப்ப வருவ?"

"தூங்குங்க" என்றாள் வடிவு. "அதுக்குத்தான எல்லாம்."

கதவை இழுத்துச் சாத்தினாள். குழந்தை இடுப்பில் துள்ளி அழுதது. ஒரு கையால் நாதாங்கியில் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.