மறியாடு போன படலை

பால்மாக் கப்பல் வராத சண்டைக்காலம். வெள்ளைப்பிள்ளையின் கைக்குழந்தைக்கு அவளுடைய மறியாட்டின் பால்தான் உயிர். ஆடோ பகலெல்லாம் பக்கத்து வளவுச் சாமித்தம்பியின் வேலியில் கிடந்தது. அவன் அதைத் தன் ஆடென்றே சொல்லத் தொடங்கிவிட்டான். வழக்கு ஊர்த்தலைவர் விதானையாரிடம் போனது. நாளை காலை அவர் ஆட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுவார். எந்தப் படலைக்குள் நுழைகிறதோ, அந்த வீட்டுக்கு ஆடு.

‘வசியம் வைத்துவிட்டான்’ என்று வெள்ளைப்பிள்ளை சந்தேகப்பட்டு, வேலி ஓட்டையில் கண்ணைச் சொருகி அன்று முழுக்கப் பார்த்தாள். மந்திரமுமில்லை, தகடுமில்லை. ஆடு ஊரே செவிடாகக் கத்தியது. அவன் எப்போதாவது, நினைத்தாற்போல், ஒரு பலாத்தோலை எறிந்தான். அடுத்தது எப்போது விழுமென்று தெரியாததால் ஆடு சூதாடியைப்போல் அங்கேயே நின்றது. அவளோ தினமும் பொழுதுபடும்போது மட்டும் தவிடு கரைத்து வைப்பவள். அந்த நேரத்தில்தான் ஆட்டுக்கு அவள் நினைப்பு வரும்.

“பொழுதுபட அவிழ்ப்பம் ஐயா,” என்றாள் விதானையாரிடம்.

“ஏன் மச்சாள், காலையில ஆட்டுக்குக் கண் தெரியாதோ?” என்றான் சாமித்தம்பி.

“உங்கட ஆடெண்டா எந்த நேரமும் உங்களிட்டத்தானே வரும் மச்சான். பயமா?”

மீசைக்காக அவன் ஓமென்றான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கயிறு அவிழ்ந்தது. சாமித்தம்பி முழுப் பலாப்பழத்தையே தூக்கிக் காட்டினான். ஆடு விதானையாரைத் தெருவோர வாவிக்குள் எறியாத குறையாக இடித்துத் தள்ளிக்கொண்டு வெள்ளைப்பிள்ளையின் படலைக்குள் பாய்ந்து, இன்னும் தவிடு வைக்காத வெறுஞ்சட்டியின் முன்னால் நின்று கத்தியது.