சக்கரத்துக்குக் கல்

எங்கள் ஏலக்காய்க் கடை வாசலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று விசாரிப்பார்கள். ஒருத்தனுக்கும் வேறு வேலை கிடையாது.

என் அண்ணன் யோசேப்பு, போன வருஷம் போடிமெட்டு ஏற்றத்தில் ஜீப்பு பின்னால் உருண்டதில் மதினியைப் பறிகொடுத்தவர். அதிலிருந்து தெருவில் ஜீப்பு சத்தம் கேட்டால் போதும், மூட்டைகளை இழுத்துத் தள்ளிக்கொண்டு கத்துவார்.

"கல்லு வையி, சக்கரத்துக்குக் கல்லு வையி."

நானும் பதிலுக்குக் கத்துவேன். "இங்க ஏதுண்ணே சக்கரம்? கண்ணத் தொறந்து பாரு."

அவர் இன்னும் மூர்க்கமாவார். நானும் சித்தப்பாவும் அமுக்கிப் பிடித்து, மூட்டை கட்டும் சணலால் அவர் கையைக் கட்டிப்போடுவோம். மூன்று தடவை கட்டியிருக்கிறோம். எச்சில் ஒழுக, வேட்டி நனைந்து அவர் கிடந்த கோலம் எனக்கு அருவருப்பாக இருந்தது. சொல்லக் கூசினாலும் அதுதான் உண்மை.

"இன்னொரு தடவ ஆச்சுன்னா, சங்கிலி போட்டு வைக்கிற எடத்துல கொண்டுபோயி விட்டுர வேண்டியதுதான்" என்று சித்தப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சித்தப்பா கடையில் இருக்கும்போதே ஒரு ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அண்ணன் எழுந்து கத்தினார். வாசல் நிறைந்துவிட்டது. சித்தப்பா சணலை எடுத்தார்.

காய் பொறுக்கும் செல்லக்கிளி முறத்தைக் கீழே வைத்தாள். அவளை நாங்கள் ஒரு ஆளாகவே எண்ணியதில்லை. முதலில் போய்க் கூட்டத்தின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். பிறகு அண்ணனுக்கு எதிரே நிற்காமல், கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"எந்தச் சக்கரத்துக்கு வைக்கணும்ணே?"

அண்ணன் திரும்பினார். "பின் சக்கரம்."

"எந்தப் பக்கம்?"

விரலால் காட்டினார். தராசின் பெரிய எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி, அவர் காட்டிய இடத்தில் வைத்தாள்.

"நீங்களும் அமுக்கிப் பாருங்க. நிக்குதா?"

அண்ணன் குனிந்து அமுக்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. முறத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு காய் பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வெடித்த காய்களை எடுத்துத் தனியாகப் போடத் தொடங்கினார். சித்தப்பா சணலை மேசைமேல் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று செல்லக்கிளியிடம் கேட்டேன்.

"கத்துக்க என்ன இருக்கு? அவரு கல்லு கேட்டாரு. ஒரு வருசமா யாரும் குடுக்கல."

சாயங்காலம் லோடு அனுப்ப வேண்டும். ஏதாவது வேலை பார்த்தால் போதும் என்று, மேசைமேல் கிடந்த சணலை எடுத்துக்கொண்டு மூட்டையின் வாயைக் கட்டப் போனேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த காயை முறத்தில் வைத்தார். சத்தம் போடாமல், இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

வாசல் கூட்டத்தைப் பார்த்தால் வருகிற அதே குமட்டல் எனக்கு வந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது.