ஐஸ் தொட்டியில் ஒரு கை

முதலாமாண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பிராக்டிகல் நடத்துவது என்றால் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பஞ்சாயத்து. அன்று பஞ்சாயத்துக்கும் வேலை வைக்காமல் மேசைமேலேயே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

பாடம் ஹீமோகுளோபின் அளப்பது. பக்கத்தில் இருப்பவனின் விரல் நுனியில் ஊசியால் சுருக்கென்று ஒரு தட்டு தட்டினால் ஒரு சொட்டு வரும், அது போதும். கேப்டன் தட்டவில்லை, குத்தினான். பள்ளியில் கைப்பந்து அணிக்குத் தலைவனாக இருந்த பயல், அந்தப் பட்டத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு ஜோடி சோடாபுட்டி. தடித்த கண்ணாடி, குச்சி உடம்பு, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. ரோல் நம்பர் அடுத்தடுத்து வந்த ஒரே பாவத்துக்காக இருவரும் வருஷம் முழுக்க ஒருவர் உடம்பில் ஒருவர் சோதனை செய்து பழக வேண்டும். அதுதான் அந்தத் துறையின் வழக்கம்.

பாடம் நடத்திய மேடம் போய்ப் பார்த்தபோது சோடாபுட்டியின் எல்லா விரல்களிலும் ஓட்டை. கட்டைவிரலில் நகத்துக்கு அடியில் ஏறிய ஊசி அப்படியே நின்றது.

"என்னடா இது?"

"ரத்தமே வரல மேடம். ஐயாவுக்குத் தோல் தடிப்பு" என்றான் கேப்டன். பின் வரிசை சிரித்தது. சோடாபுட்டியும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பைத்தான் மேடத்தால் தாங்க முடியவில்லை.

மேடத்துக்கு ஒரு தம்பி இருக்கிறான். படிக்கப் போன இடத்தில், ஹாஸ்டலில் இப்படி ஒரு தடியனிடம் மாட்டிப் பாதியிலேயே வீட்டுக்கு வந்தவன். இன்றைக்கும் அறையைத் தாழ் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறான். காலிங் பெல் அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை அப்படி உட்காரக் கூடாது என்று மேடம் நேரே துறைத்தலைவரிடம் போய் நின்றார்.

"ஜோடியை மாத்திடலாம் சார்."

"வயசுப் பசங்கம்மா, அப்படித்தான் இருப்பாங்க. நாங்க வாங்காத அடியா? ஒருத்தனுக்கு மாத்தினா எல்லாரும் வந்து நிப்பாங்க." சொல்லிவிட்டு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரிய மனிதர், அவருக்கு வியர்க்கக் கூடாது அல்லவா?

அடுத்த வகுப்புக்குச் சோடாபுட்டி உதடு கிழிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேடம் அவனைக் கழுவுதொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகு முழுக்க பெல்ட் அடித்த தடம். பக்கிள் பட்ட இடங்களில் சதை பிய்ந்திருந்தது.

"மேடத்துகிட்ட சொன்னியா, சொன்னியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சான் மேடம். நீங்க சார்கிட்ட போனது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் வீட்டுக்கே போயிடறேன். எனக்கு இந்தப் படிப்பு வேணாம்."

"போகக் கூடாது" என்றார் மேடம். "நான் பாத்துக்கறேன்."

விசாரணை என்று போனால் சாட்சி சொல்ல ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். தம்பிக்கும் யாரும் திறக்கவில்லை. மேடத்துக்கு ரத்தம் கொதித்தது. இரும்புத் தொட்டியில் ஐஸ் கொட்டி, அன்றைய பாடத்துக்குத் தயாராக மேசைமேல் வைத்திருந்தார்கள்.

பாடம் இதுதான். ஒரு கையை ஐஸ் தண்ணீரில் மணிக்கட்டு வரை முக்கினால் வலியில் ரத்த அழுத்தம் ஏறும். மறு கையில் பட்டையைக் கட்டி அதை அளக்க வேண்டும். கையை உள்ளே விட்டவன் 'போதும்' என்றால் அந்த நொடியே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இந்த விதியை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மேடம் பாடத்தையே தொடங்குவார். அன்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

"கேப்டன், நீ உட்காரு."

அவன் நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். சோடாபுட்டி பட்டையைக் கட்டி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டான். கை உள்ளே போனது. சற்று நேரத்தில் கேப்டனின் சிரிப்பு கோணியது.

"போதும் மேடம்."

மேடம் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார்.

"போதும்னு சொல்றேன்ல!"

அவன் திமிறினான். பட்டை கட்டிய கை சுழன்று வந்து முழங்கையால் மேடத்தின் வாயில் இடித்தது. பல் உதட்டைக் கிழித்து ஐஸில் ரத்தம் சிதறியது. மேடம் விடவில்லை. பிடரியைப் பிடித்து அவன் முகத்தைத் தொட்டி விளிம்பில் மோதினார். ஒரு முறை, மறுபடியும் ஒரு முறை. அவன் மூக்கு உடைந்தது. மறு கை மீண்டும் ஓங்கியபோது சோடாபுட்டி அதைப் பிடித்து மேசையோடு சேர்த்து முழங்காலால் அழுத்திக்கொண்டான். மேடத்துக்கு மனசு குளிர்ந்தது. இனி இந்தப் பிள்ளை ஓட மாட்டான் என்று நினைத்தார்.

"அம்மா... அம்மா..." என்று கேப்டன் குழந்தைபோல அலறினான். அந்தக் குரலில்தான் மேடத்துக்குத் தன் கை செய்வது தெரிந்தது. பிடியை விட்டார். அவன் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தான். வகுப்பில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

சோடாபுட்டி மட்டும் ரத்த அழுத்தமானியின் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நூத்தி அறுபதுக்கு மேல போச்சு மேடம். கீழ் ரீடிங் கிடைக்கல."

சொல்லிக்கொண்டே குனிந்து, விழுந்து கிடந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, அந்த நீலம் பாரித்த கையை மறுபடியும் ஐஸுக்குள் இறக்கினான். அந்தக் குச்சி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ! கேப்டனுக்குத் திமிறவும் தெம்பில்லை. வாந்தி எடுத்தான்.

"விட்டுடு. போதும்" என்றார் மேடம்.

அவன் விடவில்லை. பிடரியைத் தேடிப் பிடித்தான்.

"டேய், விடுடா!"

கேப்டனின் முகம் தொட்டி விளிம்பை நோக்கி இறங்கியது. மேடம் பாய்ந்து சோடாபுட்டியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி பறந்தது. இன்னொன்று அறைந்த பிறகுதான் அவன் பிடி தளர்ந்தது. யாரைக் காப்பாற்ற வந்தாரோ அந்தப் பிள்ளையின் கன்னத்தில் மேடத்தின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சோடாபுட்டி ஈரத்தரையில் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து, ஒரு பக்கம் விரிசல் விட்டதை அப்படியே மாட்டிக்கொண்டான். அவன் அழவில்லை. புரியாத பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாணவனாகத்தான் மேடத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க பிடிச்ச மாதிரியேதானே பிடிச்சேன் மேடம்? எங்க தப்பு பண்ணேன்?"