பஸ் ஸ்டாண்டு சுவரில் ராமாயி

பாடையைத் தோளில் ஏற்றியாயிற்று. தெருமுனையில் வழி பிரியும் இடத்தில் இராஜாங்கம் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"வாய்க்கால் வழியாவே போயிடுவோமா செவ்வந்தி? எதுக்கு வம்பு?"

"அம்மா ரோட்டு வழியாத்தான் போவணும்ண்ணே."

அந்த ரோட்டில் இவர்கள் தெருச் சாவு போகக் கூடாதென்று பண்ணை ஆட்கள் மறித்த நாளில், முன்வரிசையில் நின்று அடிபட்டவள் அவர்கள் அம்மா ராமாயி. உரிமை கிடைத்து நாற்பது வருஷம். பிணங்கள் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னமும் வாய்க்கால் சேற்றிலேயே போய்க்கொண்டிருந்தன.

பண்ணைக் களம் இருந்த இடத்தில் இப்போது புது பஸ் ஸ்டாண்டு. அதன் சுவருக்கு ஒரு வீடியோ செய்து தரும்படி செவ்வந்தியைக் கேட்டிருந்தார்கள். சென்னையிலும் கொச்சியிலும் கலைக் கண்காட்சிகளின் இருட்டறைகளில் தன் வீடியோக்களைக் காட்டிக்கொண்டிருந்தவள், இதற்கு அம்மா நாற்று நடுவதை எடுத்தாள். மெதுவாக நடச் சொன்னதற்கு, "மெதுவா நட்டா இடுப்பு போயிடும், நீ வேகமா எடு" என்றாள் ராமாயி. போனில் காட்டியபோது அதுவும் பிடிக்கவில்லை.

"இத்துனூண்டு தெரியுது. பெருசா போடு. பஸ்ஸ விட்டு எறங்கி நின்னு பாக்குறேன்."

திறப்பு விழா வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்றது ஊர். செவ்வந்திக்கு அந்த மூன்று நாளைத்தான் தாங்க முடியவில்லை.

தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். செவ்வந்தி நிற்கவில்லை, பாடை கூடவே நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் பெரிய திரையை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. செவ்வந்தி அதன் கயிற்றை அவிழ்க்கப் போனாள். வாட்ச்மேன் கலந்தர் குறுக்கே வந்தார்.

"மந்திரி வர்றதுக்கு முன்னால போட்டா என் வேலை போயிடும்மா."

செவ்வந்தி கயிற்றை விடவில்லை. கலந்தர் பாடையைப் பார்த்தார்.

"பாதி வழியில எறக்கித் திருப்புவீங்கள்ல? இங்கயே எறக்குங்க. டெஸ்ட் பண்ணேன்னு சொல்லிக்கிறேன்."

தார்ப்பாய் விழுந்தது. கலந்தர் சுவிட்சைப் போட்டார். முழங்கால் சேற்றில் ராமாயி குனிந்து, நட்டு நட்டுப் பின்னால் நகர்ந்தாள். முன்னால் பச்சை நிறைந்துகொண்டே வந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முகம் சுவரைப் பார்க்கும்படி பாடையை வைத்தான் இராஜாங்கம். பதினோரு நிமிஷம் யாரும் தூக்கச் சொல்லவில்லை.

கடைசியில் சுவரில் இருந்தவள் நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பார்த்துக் கேட்டாள்.

"போதுமாடி?"

"போதும்மா" என்றாள் செவ்வந்தி.

பாடையைத் திருப்பித் தூக்கினார்கள். சுவரில் படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. ராமாயி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள்.