ஒரு கட்டை

ஒத்திகையின் முதல் நான்கு அடிகளுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காஸ்தோர்ப் பூங்காவின் மேடையில் பித்தளை வாத்தியக்காரர்கள் இருபத்தாறு பேரும் ஒரு பக்கம் போனார்கள், ஹேசலின் கிட்டார் இன்னொரு பக்கம் போனது. தேநீர்க் கூடாரத்தில் கேக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய நாயோ ஊளையிட்டது.

சுரங்க வாத்தியக் குழுவின் நடத்துநர் கிளிஃப் பாராக்ளஃப் கோலைத் தாழ்த்தினார். நிலக்கரிச் சுரங்கம் மூடி முப்பது வருடம் ஆகியும் அதன் பெயரிலேயே வாசித்துக்கொண்டிருக்கும் குழு அது. கிளிஃபுக்கு எழுபத்து மூன்று வயது. கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார்.

“ஏம்மா ஹேசல், கிட்டார சுருதி சேத்துட்டியா?”

சேர்த்துத்தான் இருந்தது. காலை பத்து மணிக்கே, பாடகன் லைல் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வழக்கம்போல வேனுக்குள் உட்கார்ந்து மூன்று கிட்டார்களையும் ரோஸின் பேஸ் கிட்டாரையும் சுருதி சேர்த்திருந்தாள். ரெக்கார்டில் இருப்பதைவிட ஒரு முழுக் கட்டை கீழே.

போன மாதம் கிளிஃப் சுருதி பற்றிப் போனில் கேட்டபோது, அவள் வேலை செய்யும் நூலகத்தின் மேசையில் ஒரு கிழவர் அபராதம் கட்டமாட்டேன் என்று தகராறு செய்துகொண்டிருந்தார். “ரெக்கார்டுல இருக்கற மாதிரியேதானே?” என்றார் கிளிஃப். “ஆமா, அப்படியேதான்” என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்ல நினைக்கவில்லை. மூன்று வருடமாகக் கீழே வாசிப்பது பழகிப்போய், அந்தத் தகராறுக்கு நடுவே நினைவுக்கே வரவில்லை. கிளிஃப் இருபத்தாறு பேருக்கும் ரெக்கார்டின் சுருதியில் கையால் இசைத்தாள் எழுதிவிட்டார்.

லைல் ஹெப்வொர்த் மைக்கைப் பிடித்தபடி நின்றான். நாற்பத்தைந்து வயது, பழைய தோல் சட்டை, புதிய மூக்குக் கண்ணாடி. முதலில் வாத்தியக்காரர்களைப் பார்த்தான். பிறகு ஹேசலின் கிட்டாரை. பிறகு அவள் முகத்தை. மைக்கை அதன் கம்பத்தில் மெதுவாகச் செருகிவிட்டு இறங்கி நடந்தான்.

“போச்சு,” என்றாள் ரோஸ்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து வின்ஸ்டன், “கையில சாசேஜ் ரோல் இருக்கா பாருங்க. இருந்தா திரும்பி வரமாட்டான்” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் நால்வரின் குழுவுக்குப் பெயர் ரீப்ளேஸ்மென்ட் பஸ். ரயில் ஓடாத நாளில் ரயில்வே அனுப்பும் பேருந்து. பள்ளி முடித்த வருடம் நால்வரும் அப்படியொரு பேருந்துக்காக மழையில் இரண்டு மணி நேரம் நின்றபோது வைத்த பெயர். வின்ஸ்டனின் மாமா கேரேஜில் முதல் ஆல்பம். அதில் ‘நவம்பர் கோட்டு’ என்ற பாட்டு விற்பனைப் பட்டியலில் பதினோராம் இடம்வரை போனது. ஒரு கோடை முழுக்க நாட்டில் இசைவிழா நடந்த எல்லாச் சேற்று வயல்களிலும் அதைப் பாடினார்கள். பாட்டின் கடைசியில் ‘வீடு’ என்ற சொல்லை லைல் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவான். கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். இரண்டாவது ஆல்பத்தை யாரும் வாங்கவில்லை. 2009இல் ஒரு பேட்டியில், “லைல் அந்த இடத்துக்குப் போறப்ப எட்டுமோ எட்டாதோன்னு நாங்க மூணு பேரும் கண்ண மூடிக்குவோம்” என்று ஹேசல் விளையாட்டாகச் சொன்னாள். அது அச்சில் வந்த வாரம், பிரெஸ்டனுக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் வேன் நின்றபோது, லைல் கையில் பாதி தின்ற சாசேஜ் ரோலோடு இறங்கிப் போனான். ஒன்பது வருடம் பேச்சில்லை. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தான். ரோஸின் கல்யாணத்தில்தான் மறுபடி சேர்ந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஒத்திகையில் அந்தச் சொல் அவனுக்கு எட்டவில்லை. “சளி” என்றான். முகம் வெளுத்திருந்தது. அடுத்த வாரம் ஹேசல் யாரிடமும் கேட்காமல் கம்பிகளை அரைக் கட்டை தளர்த்தினாள். எட்டியது. “சிகரெட்ட விட்டதுக்குப் பலன் பாத்தியா!” என்று அவன் அவளைக் கட்டிப்பிடித்தான். போன வருடம் இன்னொரு அரைக் கட்டை. ரோஸுக்கு முதல் முறையே சொல்ல வேண்டியிருந்தது. வின்ஸ்டன் காதாலேயே கண்டுபிடித்தான். அன்று முதல் எந்த ஊருக்கும் அவள்தான் முதலில் போவாள்.

தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால், கவிழ்த்த பால் பெட்டியின் மேல் லைல் உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஹேசல் புல்லில் உட்கார்ந்தாள். மேடையில் கிளிஃபின் ஆட்கள் வேறு ஏதோ அணிநடைப் பாட்டை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“எவ்வளவு?” என்றான்.

“ஒரு கட்டை.”

“எத்தன நாளா?”

“மூணு வருஷம். முதல்ல அரைதான்.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அது இன்னும் அழுக்காயிற்று.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டாயிரத்தி ஒம்பதுல சொன்னேனே.”

“அது பத்திரிகைக்காரன்கிட்ட சொன்னே. எங்கிட்ட இல்லடி.”

அவன் எழுந்து போவான் என்று ஹேசல் காத்திருந்தாள். டூரில் இன்னும் ஏழு ஊர்கள் பாக்கி. முதல் ஆல்பத்தின் இருபதாம் ஆண்டு என்று சுவரொட்டி அடித்தாகிவிட்டது. ஆனால் சுவரொட்டி அவளை உறுத்தவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நூலகத்தில் நிற்கும் பெண்ணுக்கு, வாரக் கடைசியில் போய் உட்கார இந்த வேனைத் தவிர வேறு இடம் கிடையாது.

லைல் சிரித்தான். முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள்.

“உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஷோவிலயும் மூணாவது பாட்டுலேருந்தே எனக்குக் கை ஜில்லுனு ஆயிடும். குரல் இன்னிக்குப் போயிடும், இன்னிக்குப் போயிடும்னு. எப்படித் திரும்பி வந்துச்சுன்னே தெரியல, அப்ப எப்படிப் போகும்னு மட்டும் எப்படித் தெரியும்? இந்த டூர் முடிஞ்சதும் நிறுத்திடறேன்னு சொல்லலாம்னு இருந்தேன். கண்ணாடி முன்னாடி சொல்லியே பாத்துட்டேன்.”

“அட மடையா.”

“நீ அங்க ஒளிஞ்சு திருகிட்டு இருந்திருக்க. நான் இங்க கடவுளக் கும்பிட்டுட்டு இருந்திருக்கேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டான். “நல்லவேளை. நீதானா அது.”

ஹேசலுக்கு அழுகை வரும்போலிருந்தது. ஆனால் வந்தது ஒரு நீளமான மூச்சுதான்.

“சரி, அவங்கள ஒரு கட்டை எறங்கச் சொல்லு,” என்றான்.

கிளிஃப் கூடாரத்தின் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. “எறங்குவாங்க தம்பி. எல்லாத் தாளையும் திரும்ப எழுதக் கிறிஸ்மஸ் வரைக்கும் டயம் குடு.”

“அப்ப நாங்கதான் ஏறணும்,” என்றாள் ஹேசல். “மத்ததெல்லாம் நீ பாடிடுவே. அந்த ஒரு சொல்லுதான்...”

லைல் புல்லைப் பார்த்தான். காலணியால் ஒரு டெய்சிப் பூவை நகர்த்தினான். பிறகு எழுந்து, மேடைக்குப் பக்கத்தில் ஃப்ளூகல் ஹார்ன் என்ற பித்தளைக் குழலை மடியில் வைத்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஐலீனிடம் நேராகப் போனான். ஐலீன் அவனுக்கும் ஹேசலுக்கும் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள்.

“ஐலீன், கடைசிச் சொல்ல உங்க ஹார்ன்ல நீங்க எடுத்துக்கிறீங்களா? என்னால முடியல.”

அவன் அதைச் சத்தமாகவே சொன்னான். வின்ஸ்டன் டிரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

ஐலீன் மென்று முடித்தாள். “முந்நூறு பிள்ளைங்களுக்கு சிந்தாம கிரேவி ஊத்தினவ நான். இத ஊத மாட்டேனா? போய் சாப்பிடு, எலும்பா இருக்க.”

ஹேசல் எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கினாள். லைல் பக்கத்தில் குந்தி, சுருதி காட்டும் கருவியின் முள் மேலே நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அறுந்துடாதே?” என்றான். “அறுந்தா இன்னொண்ணு மாட்டலாம்டா,” என்றாள்.

நான்கு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியபோது காற்று எழுந்தது. புல்வெளியில் மடக்கு நாற்காலிகள், தள்ளுவண்டிகள், மழைக்கோட்டுகள். வாத்தியக்காரர்களின் தாள்கள் துணிக் கிளிப்புகளுக்கு அடியில் படபடத்தன. ‘நவம்பர் கோட்டு’ கடைசியில் வந்தது. லைல் அதைச் சற்று சிரமப்பட்டு, ஆனால் கைகளைத் தளர்வாக வைத்துக்கொண்டு பாடினான். ஹேசல் இந்த முறை கண்ணை மூடவில்லை.

உச்சிக்கு இரண்டு வரி இருக்கும்போது ஐலீனின் தாள் காற்றில் ஒரு பக்கம் எழும்பியது. அவளுடைய கிளிப்புகளில் ஒன்று வின்ஸ்டனின் சிப்ஸ் பாக்கெட்டை மூடிக்கொண்டு டிரம்முக்கு அடியில் கிடந்தது. அவள் இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்க, கண்ணால் மட்டும் தாளைத் துரத்தினாள்.

லைல் கடைசிச் சொல்லுக்கு முந்தைய சொல்லைப் பாடி முடித்து, மைக்கை விட்டு விலகி, மேடையின் குறுக்கே நடந்து போய், அவள் தாளின் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தான். ஐலீன் கன்னம் சிவக்க ஊதினாள். அது உச்சிக்குப் போய் நின்றது. அவன் குனிந்தபடியே, அந்த ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரமும், விரலை எடுக்காமல் நின்றான்.